ஃபெதர்வெயிட்டில் அடுத்து யார், யாரோடு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் பாக்ஸிங் ஓடும். அக்கா மகனும் அவன் கல்லூரித் தோழர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஃபெதர்வெயிட் சண்டை வந்தால் போதும், போன வாரம் கேட்ட அதே கேள்விகள் இந்த வாரமும் வரும். அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகளை எழுதிப் பதில்களைச் சேர்த்திருக்கிறேன். இதில் சொல்லியிருக்கும் பெல்ட் நிலவரமும் வீரர்களின் கணக்கும் வயதும் 2025 டிசம்பர் முடிய உள்ளவை; அடுத்த சண்டைகளைப் பற்றிய பேச்சும் அந்த நேரத்தில் நின்று சொன்னதுதான்.

ஃபெதர்வெயிட்னா எத்தனை கிலோ? ஒலிம்பிக்ல வர்ற 57 கிலோவும் இதுவும் ஒண்ணா?

தொழில்முறை பாக்ஸிங்கில் எல்லை 126 பவுண்டு, அதாவது 57.15 கிலோ. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஆண்களுக்கு இருந்தது 57 கிலோ. எண் ஏறக்குறைய ஒன்றுதான், ஆட்டம் வேறு. ஒலிம்பிக்கில் மூன்று ரவுண்ட், சண்டை நாள் காலையிலேயே எடை. தொழில்முறையில் டைட்டில் சண்டை 12 ரவுண்ட், எடை முந்தைய நாள். எடை பார்த்த பிறகு ஒரு நாள் முழுக்கக் குடித்து, சாப்பிட்டு, உடம்பை ஏற்றிக்கொள்ளலாம். இதன் விளைவைப் பின்னால் எடை பற்றிய கேள்வியில் பார்ப்போம்.

இதற்குக் கீழே 122 பவுண்டு சூப்பர் பாண்டம்வெயிட், மேலே 130 பவுண்டு சூப்பர் ஃபெதர்வெயிட். ஃபெதர்வெயிட்டில் பாதிப் பேர் கீழிருந்து ஏறி வந்தவர்கள், மீதிப் பேர் மேலே போகக் காத்திருப்பவர்கள். வரப்போகும் ஜோடிகளைப் பற்றி யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

நாலு பேரு 'உலக சாம்பியன்'னு பெல்ட் வச்சிருக்காங்களே, உண்மையான சாம்பியன் யாரு?

டபிள்யூபிஏ, டபிள்யூபிசி, ஐபிஎஃப், டபிள்யூபிஓ என்று நான்கு அமைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெல்ட். டபிள்யூபிஓ பெல்ட் மெக்சிகோவின் ரஃபாயெல் எஸ்பினோசாவிடம், டபிள்யூபிஏ பெல்ட் லிவர்பூலின் நிக் பாலிடம், ஐபிஎஃப் பெல்ட் அமெரிக்காவின் ஏஞ்சலோ லியோவிடம். டபிள்யூபிசி பெல்ட்டை 2025 பிப்ரவரியில் பிராண்டன் ஃபிகெரோவாவிடமிருந்து வென்றவர் ஸ்டீபன் ஃபுல்டன். அவர் எடை கூடி மேலே போய்விட்டதால், அந்த இடத்துக்கு 2026 ஜனவரி கடைசியில் நியூயார்க்கில் புரூஸ் காரிங்டனும் கார்லோஸ் காஸ்ட்ரோவும் மோதவிருக்கிறார்கள்.

நான்கையும் ஒரே ஆள் சேர்த்து வைத்திருந்தால் 'மறுப்பில்லாத சாம்பியன்' என்பார்கள். ஆண்கள் ஃபெதர்வெயிட்டில் நான்கு பெல்ட் காலத்தில் அதை ஒருவர்கூடச் செய்ததில்லை. இந்தப் பிரிவைப் பார்த்து எனக்கு இருக்கும் பெரிய ஏக்கம் அதுதான்.

'இடைக்கால சாம்பியன்'னு வேற சொல்றாங்க. அது பாதி சாம்பியனா?

சாம்பியன் காயத்திலோ வேறு சண்டையிலோ மாட்டியிருக்கும்போது, அடுத்த நிலையில் இருக்கும் இருவரை மோதவிட்டு வென்றவருக்குக் கொடுக்கும் பெல்ட். சாம்பியன் விலகினால் முதல் உரிமை அவருக்குத்தான். காரிங்டன் 2025 ஜூலையில் நமீபியாவின் மாத்தேயுஸ் ஹெய்டாவைப் புள்ளிகளில் வென்று டபிள்யூபிசி இடைக்கால பெல்ட்டை வாங்கியது இப்படித்தான். முழு சாம்பியன் என்று நான் எண்ணமாட்டேன்.

16-0, 28-0னு போடுறாங்களே, அந்த எண்ணைப் பார்த்தாலே யாரு பெரியவர்னு தெரிஞ்சிடாதா?

தெரியாது. நான் அதிகம் வாதாடுவது இந்தக் கேள்விக்காகத்தான். தோல்வியில்லாத கணக்கை அடுக்குவது கஷ்டமில்லை. வயதானவர்கள், கீழ் எடையில் இருந்து வந்தவர்கள், கடைசி நேரத்தில் கூப்பிட்டு வந்தவர்கள் என்று எதிராளிகளைப் பொறுக்கினால் பத்துப் பன்னிரண்டு வெற்றி சேர்ந்துவிடும். எத்தனை வென்றார் என்பதைவிட, மோசமாகப் போன ரவுண்டில் என்ன செய்தார் என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

1982 ஜூலையில் மெக்சிகோவின் சால்வடோர் சான்செஸை எதிர்த்து, கடைசி நேர மாற்று ஆளாக கானாவிலிருந்து அசுமா நெல்சன் வந்தார். கணக்கில் 13 சண்டைதான். பெரும்பாலானவர்களுக்குப் பெயரே தெரியாது. அந்தக் காலத்து உச்ச சாம்பியனை 15-வது ரவுண்ட் வரை இழுத்துக்கொண்டு போய்த்தான் விழுந்தார். அந்தத் தோல்வியைப் பார்த்தவர்களுக்கு இவர் சாம்பியன் ஆவார் என்று அன்றே தெரிந்திருக்கும். 1984 டிசம்பரில் ஆனார். சான்செஸோ நெல்சனை வென்ற மூன்றே வாரத்தில், 23 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார்.

மறுபக்கம் ரொபெய்சி ராமிரெஸ். 2012, 2016 என இரண்டு ஒலிம்பிக் தங்கம் வென்ற கியூபர். ரியோ இறுதிப் போட்டியில், பின்னாளில் தொழில்முறை உலக சாம்பியன் ஆன ஷகூர் ஸ்டீவன்சனையே வென்றவர். 2019-இல் தொழில்முறையில் ஆடிய முதல் சண்டையிலேயே தோற்றார். அந்த ஒரு தோல்வியை வைத்து ஒதுக்கியவர்கள், 2023-இல் அவர் டபிள்யூபிஓ சாம்பியன் ஆனதைப் பார்த்தார்கள்.

எஸ்பினோசா ஆறடி ஒரு அங்குலமாமே! அந்த உயரத்துக்கு 57 கிலோ எப்படி? அவரை யாரால அடிக்க முடியும்?

ஏறக்குறைய 185 சென்டிமீட்டர். அந்த உயரத்தில் பலர் இதைவிட 20 கிலோ கூடுதலான பிரிவுகளில் ஆடுகிறார்கள். எலும்பு மெலிது, சதை குறைவு. ஆனால் வலிமை இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். 28 வெற்றியில் 24 நாக்அவுட்.

உயரமானவர் என்றால் தள்ளி நின்று நீளமான ஜாபால் (முன்னால் நீட்டிய கையின் நேர்க்குத்து) குத்திக்கொண்டே இருப்பார் என்று எதிர்பார்ப்போம். எஸ்பினோசா அப்படியில்லை. நெருங்கி நிற்கிறார், குனிந்து விலாவில் அடிக்கிறார், கை ஓய்வதில்லை. 2023 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் மேலே சொன்ன ராமிரெஸோடு மோதியபோது அவரைத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஐந்தாவது ரவுண்டில் எஸ்பினோசா விழுந்தார். தலை சுற்றி நின்றார், முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுந்து, ரவுண்டுக்கு ரவுண்டு வேகத்தைக் கூட்டி, 12-வது ரவுண்டின் முடிவில் ராமிரெஸைக் கீழே தள்ளினார். ஒரு நடுவர் சமம் என்றார், இருவர் எஸ்பினோசாவுக்குக் கொடுத்தார்கள். ஓராண்டு கழித்து நடந்த மறுசண்டை ஆறாவது ரவுண்டிலேயே முடிந்தது. கண் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று ராமிரெஸ் நிறுத்திக்கொண்டார்.

பலவீனமும் அந்த ஐந்தாவது ரவுண்டில்தான் இருக்கிறது. நெருங்கி நிற்பதால் வாங்கவும் செய்கிறார். அடித்துவிட்டுக் கை திரும்பும் நேரத்தில் முகம் திறந்துகிடக்கிறது. பொறுமையாகக் காத்திருந்து எதிர்க்குத்து விடத் தெரிந்தவரால் அவரை விழவைக்க முடியும். விழவைத்த பிறகும் எழுந்து வரும் ஆளை என்ன செய்வது என்பதையும் அவர் யோசித்து வைத்திருக்க வேண்டும்.

நிக் பால் ரொம்பக் குள்ளம்தானே. எஸ்பினோசா பக்கத்துல நின்னா இடுப்பளவுகூட வரமாட்டாரே?

157 சென்டிமீட்டர். இருவருக்கும் 28 சென்டிமீட்டர் வித்தியாசம், ஏறக்குறைய ஓரடி. ஆனாலும் எனக்குப் பிடித்த ஜோடி இது. உயரமானவரோடு ஆடிப் பழகியவர் பால். 2024 மார்ச்சில் ரியாத்தில் ரே வார்காஸை எட்டாவது, பதினொன்றாவது ரவுண்டுகளில் விழவைத்தார். நடுவர்கள் பிளவுபட்டு டிரா என்றார்கள். வார்காஸும் நெடிய மெக்சிகன்தான். மூன்று மாதத்துக்குள் பால் ரேமண்ட் ஃபோர்டைப் பிளவு முடிவில் (மூன்று நடுவரில் ஒருவர் மாறுபட) வென்று டபிள்யூபிஏ பெல்ட்டை எடுத்தார். பிறகு ரோனி ரியோஸ், டி. ஜே. டொஹெனி, சாம் குட்மேன் மூவரையும் வென்றார்.

குட்டையானவருக்கு உண்மையான சிரமம் எதிராளியின் ஜாபைத் தாண்டி உள்ளே போவது. வார்காஸ் நகர்ந்து நகர்ந்து அந்த வழியை அடைத்தார். எஸ்பினோசா தானே கதவைத் திறந்துகொண்டு வருவார். அதனால் உயர வித்தியாசம் படத்தில் தெரியும் அளவுக்கு ஆட்டத்தில் தெரியாது. பாலுக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்பது என் கணிப்பு.

உயரம் வென்ற கதையும் இதே எடையில் இருக்கிறது. வில்லி பெப் போல லாகவமானவர் இந்தப் பிரிவில் குறைவு. நீண்ட கைகள் கொண்ட சாண்டி சாட்லர் 1948 முதல் 1951 வரை அவரோடு நான்கு முறை மோதி மூன்றில் வென்றார். அவர் வென்றதும் தள்ளி நின்று அல்ல, நெருங்கி, பிடித்து, இழுத்து அடித்துத்தான்.

அப்ப 2026 பிப்ரவரியில நடக்கப்போற பால்–ஃபிகெரோவா சண்டையில பால்தான் சுலபமா ஜெயிப்பாரா?

சுலபம் என்ற சொல்லை ஃபிகெரோவா பக்கத்தில் வைக்கவே கூடாது. டெக்சாஸைச் சேர்ந்த இவரைத் தோற்கடித்த ஒரே ஆள் ஃபுல்டன். 2021-இல் 122 பவுண்டில் மிக நெருக்கமான முடிவு, 2025-இல் ஒருமனதான முடிவு. லூயிஸ் நேரியையும் ஜெஸ்ஸி மாக்டலேனோவையும் விலாக்குத்தில் உட்காரவைத்தவர். வலது கை, இடது கை என்று நிற்கும் நிலையை மாற்றி மாற்றி, 12 ரவுண்டும் முன்னேறிக்கொண்டே வருவார்.

பால் இதுவரை பின்வாங்கும் எதிராளிகளைத் துரத்தித்தான் பெயர் வாங்கியிருக்கிறார். தன்னை நோக்கியே வரும், தன்னைவிட உயரமான, சளைக்காத ஒருவரோடு இப்போதுதான் முதல்முறை. சண்டை லிவர்பூலில் நடப்பது அவருக்குத் துணை. முதல் ஆறு ரவுண்ட் பாலுடையது, கடைசி நான்கு ரவுண்டைப் பற்றி எனக்கு உறுதியில்லை.

காரிங்டன் ஒலிம்பிக்கே போகல. அவரப் போய் ஏன் இவ்வளவு தூக்கி வச்சுப் பேசறாங்க?

போகாதது அவர் குற்றமில்லை. 2019 டிசம்பரில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் 57 கிலோவில் வென்றவர் அவர்தான். கொரோனாவால் அமெரிக்கக் கண்டத்துக்கான தகுதிச் சுற்று ரத்தானது. பழைய தரவரிசைப் புள்ளிகளை வைத்து இடங்களைப் பங்கிட்டார்கள். அந்தக் கணக்கில் ஏற்கெனவே தொழில்முறைக்குப் போயிருந்த டியூக் ரேகன் டோக்கியோ போய் வெள்ளி வென்றார். காரிங்டன் 2021 அக்டோபரில் தொழில்முறையில் இறங்கினார்.

மைக் டைசன் வளர்ந்த புரூக்ளினின் பிரவுன்ஸ்வில்தான் இவருக்கும் ஊர். ஆனால் ஆட்டம் டைசன் மாதிரி இல்லை. தூரத்தைக் கண்ணால் அளந்து, எதிராளி ஒரு தப்புச் செய்யும் வரை காத்திருப்பார். 16 வெற்றி, தோல்வி இல்லை. மோசமான ரவுண்டைப் பார் என்று முன்பு சொன்னேன் அல்லவா, அதை இவருக்கு வைத்துப் பார்க்க 2024 செப்டம்பரில் உகாண்டாவின் சுலைமான் செகாவாவோடு ஆடியது ஒன்றுதான் உண்டு. ஒரு நடுவர் சமம் கொடுத்தார். சவுத்பாவான (இடது கைக்காரரான) செகாவா கோணம் மாற்றி மாற்றி வந்தபோது காரிங்டன் தடுமாறினார். வென்றார், ஆனால் விடை முழுதாகக் கிடைக்கவில்லை.

அதனால்தான் காஸ்ட்ரோ சண்டை முக்கியம். 2024-இல் ஃபுல்டனைக் கீழே தள்ளி, பிளவு முடிவில் தோற்றவர் காஸ்ட்ரோ. காரிங்டன் இவரைத் தெளிவாக வென்றால் மேலே இருப்பவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

லியோவும் சாம்பியன்தானே? அவரப் பத்தி யாரும் பேசறதே இல்லையே?

பேச வேண்டியவர். 2020-இல் 122 பவுண்டில் சாம்பியன், அடுத்த ஆண்டே ஃபுல்டனிடம் இழந்தார், சில காலம் ரிங்கையே விட்டு விலகினார். திரும்பி வந்து 2024 ஆகஸ்டில் சொந்த ஊரான ஆல்புகர்கியில் ஐபிஎஃப் சாம்பியன் 'வெனாடோ' லோபெஸை பத்தாவது ரவுண்டில் ஒரே இடது ஹூக்கில் (கையை வளைத்து விடும் குத்து) சாய்த்தார். அந்த ஆண்டின் மிகச் சிறந்த நாக்அவுட்களில் அது ஒன்று. பிறகு 2025 மே மாதம் ஒசாகாவில் டொமோகி கமேடாவோடு இழுபறியாக ஆடி வென்றார். ஆண்டுக்கு ஒன்றிரண்டு சண்டைதான் ஆடுகிறார் என்பதே பேச்சு குறைவதற்குக் காரணம்.

ஏ பி-ய அடிச்சாரு, பி சி-ய அடிச்சாரு. அப்ப ஏ சி-ய அடிச்சிடுவாருதானே?

கிரிக்கெட்டிலேயே இந்தக் கணக்கு வேலை செய்யாது. பாக்ஸிங்கில் இன்னும் மோசம், ஏனென்றால் இங்கே மோதுவது இரண்டு பாணிகள். 1996 பிப்ரவரியில் மார்கோ அன்டோனியோ பாரேரா கென்னடி மக்கின்னியை நாக்அவுட் செய்தார். அதே ஆண்டும் அடுத்த ஆண்டும் ஜூனியர் ஜோன்ஸ் பாரேராவை இரண்டு முறை தோற்கடித்தார். 1997 டிசம்பரில் மக்கின்னி ஜோன்ஸை நான்காவது ரவுண்டில் முடித்தார். வட்டம் போட்டு வந்த இடத்துக்கே திரும்பிவிட்டது. அந்த மூவரில் தோல்வியால் முடிந்துபோனதாகச் சொல்லப்பட்ட பாரேராதான் 2001-இல் பிரிட்டனின் ஃபெதர்வெயிட் நட்சத்திரம் நசீம் ஹமீதுக்கு முதல் தோல்வியைக் கொடுத்தார்.

இன்றைக்குப் பொருத்தினால்: ஃபுல்டன் லியோவை வென்றார் என்பதற்காக, ஃபுல்டன் விட்ட பெல்ட்டுக்கு ஆடும் காரிங்டனும் லியோவை வெல்வார் என்று சொல்ல வழியில்லை. லியோவின் இடது ஹூக் வரும் பக்கத்தில் காரிங்டனின் வலது கை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சண்டைக்கான துப்பு அங்கே இருக்கிறது.

ரெண்டு பேருமே 'நான் ரெடி'ங்கறாங்க. அப்புறம் ஏன் சண்டை நடக்க மாட்டேங்குது?

ஒவ்வொருவருக்கும் ஒரு புரமோட்டர், ஒவ்வொரு புரமோட்டருக்கும் ஒரு ஒளிபரப்பு ஒப்பந்தம். பால் இங்கிலாந்தின் குயின்ஸ்பெரியில், காரிங்டன் அமெரிக்காவின் டாப் ரேங்கில். டாப் ரேங்கும் ஈஎஸ்பிஎன்னும் சேர்ந்திருந்த ஒப்பந்தம் 2025 ஜூலையில் முடிந்தது. இந்த மாதிரி நேரத்தில் வீரர்கள் மாதக்கணக்கில் தேதிக்குக் காத்திருக்க வேண்டியதாகிறது.

சண்டையைக் கட்டாயப்படுத்த ஒரு வழி இருக்கிறது. அமைப்பு ஒருவரைக் கட்டாயப் போட்டியாளர் என்று அறிவித்தால், சாம்பியன் அவரோடு ஆட வேண்டும், இல்லையென்றால் பெல்ட்டை விட வேண்டும். பேச்சுவார்த்தை முறிந்தால் உறையில் தொகை எழுதி ஏலம். கூடுதல் தொகை எழுதியவர் சண்டையை நடத்துவார். ஆனால் இது சாம்பியனையும் போட்டியாளரையும் சேர்க்கும், இரண்டு சாம்பியன்களைச் சேர்க்காது. சாம்பியன்கள் மோத வேண்டுமென்றால் இரு தரப்பும் மனம் வைக்க வேண்டும்.

இனோவே மேல ஏறி வந்தா எல்லாரும் காலிதானே?

நவோயா இனோவே 122 பவுண்டில் நான்கு பெல்ட்டையும் வைத்திருக்கிறார். 108 பவுண்டில் தொடங்கி நான்காவது எடை அது. அங்கே 2024-இல் நேரியும், 2025-இல் ரமோன் கார்டெனாஸும் அவரைக் கீழே தள்ளினார்கள். இரண்டு முறையும் எழுந்து எதிராளியை முடித்தார். என் அளவுகோலில் அவருக்கு முழு மதிப்பெண்.

ஆனாலும் 126 வேறு. 1981-இல் புவேர்ட்டோ ரிக்கோவின் வில்பிரெடோ கோமெஸ் 122-இல் இதே போல அசைக்க முடியாதவராக இருந்தார். வென்ற 32 சண்டையும் நாக்அவுட். நான்கு பவுண்டு ஏறி சான்செஸை எதிர்த்தார். முதல் ரவுண்டிலேயே விழுந்தார், எட்டாவதில் முடிந்தது. அவருடைய குத்தை வாங்கிக்கொண்டு நிற்கும் உடம்பு மேலே இருந்தது. 165 சென்டிமீட்டர் உயரமுள்ள இனோவே லியோவையும் பாலையும் வெல்வார் என்றே நினைக்கிறேன். எஸ்பினோசா என்றால் கோமெஸ் நினைவுக்கு வருகிறார்.

இவங்க எல்லாம் இந்த எடையில எத்தனை நாள் இருப்பாங்க?

மேலே எழுதிய ஜோடிகளுக்கெல்லாம் பெரிய எதிரி இதுதான். ரேமண்ட் ஃபோர்ட் 2024 மார்ச்சில், சண்டை முடிய ஏழு விநாடி இருக்கும்போது ஓடாபெக் கோல்மடோவை நிறுத்தி சாம்பியன் ஆனார். ஜூனில் பாலிடம் இழந்தார். உடனே 130-க்குப் போய்விட்டார். ஃபுல்டன் 2025 டிசம்பரில் ஓ'ஷாகி ஃபாஸ்டரோடு மோதப் போனபோது 130 பவுண்டுக்கும் இறங்க முடியவில்லை, தோற்கவும் செய்தார்.

எடை குறைக்கும்போது கடைசி சில நாட்கள் உடம்பில் உள்ள தண்ணீரை வடிப்பார்கள். இளம் வயதில் உடம்பு தாங்கும், பிறகு கால் கனக்கும், அடி தாங்காது. ஐபிஎஃப் மட்டும் சண்டை நாள் காலையில் மறுபடி எடை பார்த்து 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்கிறது. எஸ்பினோசா லியோவோடு ஐபிஎஃப் பெல்ட்டுக்கு மோத நேர்ந்து, இந்த விதியும் அங்கே செல்லுமானால், அவருக்கு அது பெரிய சோதனை. 31 வயதில், அந்த உயரத்தோடு, அவர் இன்னும் நெடுநாள் இங்கே இருக்க மாட்டார்.

பெண்கள்ல ஃபெதர்வெயிட் இல்லையா?

இருக்கிறது. ஆண்கள் செய்யாததை அமண்டா செர்ரானோ 2023 பிப்ரவரியில் செய்தார்: நான்கு பெல்ட்டும் அவரிடம். ஆண்களைப் போல 12 ரவுண்ட், ரவுண்டுக்கு மூன்று நிமிடம் ஆட டபிள்யூபிசி ஒப்பாததால் அந்த பெல்ட்டை அவரே விட்டுக்கொடுத்தார்.

நம்ம நாட்டு ஆள் யாராவது இந்த வரிசையில இருக்காங்களா?

தொழில்முறைப் பட்டியலின் மேலே யாரும் இல்லை. அமெச்சூரில் 57 கிலோவில் நிசாமாபாத்தின் முகமது ஹுசாமுதீன் 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வென்றார். முழங்கால் காயத்தால் அரையிறுதியில் இறங்க முடியாமல் போனது.

நேரலையில பாக்கணும்னா நமக்கு எத்தனை மணிக்கு?

அமெரிக்கச் சண்டை என்றால் ஞாயிறு காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் முக்கியப் போட்டி வரும். இங்கிலாந்து என்றால் ஞாயிறு அதிகாலை மூன்று மணியை ஒட்டி. ஜப்பான் என்றால் மாலை, வேலையில் இருப்பீர்கள்.

எல்லாத்தையும் விடுங்க. ஒரே ஒரு சண்டைய நீங்க நடத்தலாம்னா எதை வைப்பீங்க?

எஸ்பினோசா–காரிங்டன். பால்–எஸ்பினோசாவில் ஆரவாரம் அதிகம், இனோவே வந்தால் பணம் அதிகம். ஆனால் எஸ்பினோசாவின் பலவீனம் என்று மேலே சொன்னேனே, கை திரும்பும் நேரத்தில் திறந்திருக்கும் முகம், அதற்காகவே பயிற்சி பெற்றவர் போன்றவர் காரிங்டன். அதே நேரத்தில், இப்படிக் கை ஓயாமல் குத்து விடும் ஒருவரை அவர் சந்தித்ததே இல்லை. காத்திருப்பவருக்குக் காத்திருக்க நேரம் கிடைக்காது.

ஏழாவது ரவுண்ட் வரை காரிங்டன் முன்னால் இருப்பார், ஒருமுறை எஸ்பினோசா விழவும் செய்வார். அதன் பிறகு அந்த நெடிய கைகள் விலாவைத் தேடத் தொடங்கும். புள்ளிகளில் எஸ்பினோசா, ஒரு நடுவர் மாறுபடுவார். அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவில்லை, ஒன்பதாவது ரவுண்டில் காரிங்டன் நாக்அவுட் செய்வார் என்கிறான். இருவருடைய கணிப்பையும் சுவர் காலண்டரின் பின்பக்கம் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறோம்.